பழைய பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல்

வீட்டு ரௌட்டர் நூறு மெகாபிட்டில் முட்டி நிற்கிறதா? அதன் முதுகில் இருக்கும் யு.எஸ்.பி. துளை கைகொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம்.

இன்டர்நெட் திட்டத்தை 300 மெகாபிட்டுக்கு உயர்த்திய முதல் வாரத்தில் பல வீடுகளில் ஒரே காட்சி. மகன் செல்போனில் வேகத்தைச் சோதித்துப் பார்க்கிறான். 93.6. மறுபடி பார்க்கிறான். 94.1. அப்பா கம்பெனிக்குப் போன் போடுகிறார். மறுமுனைப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லைனில் 300 வருகிறது சார், உங்கள் ரௌட்டரைப் பாருங்கள்" என்கிறார். மூன்றாவது போனுக்குப் பிறகு ஒரு பையன் பைக்கில் வந்து இறங்குகிறான். தன் லேப்டாப்பை நேராக ஃபைபர் பெட்டியில் செருகுகிறான். திரையில் 300. "புது ரௌட்டர் வாங்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான்.

அப்பாவுக்கு மனசு வரவில்லை. சில வருடங்களுக்கு முன்பு கடைக்காரர் சிபாரிசு செய்து வாங்கிய பெட்டி அது. ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. அட்டைப்பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆயிரத்து இருநூறுக்கு வாக்குக் கொடுத்த பெட்டியால் முந்நூறைத் தாங்க முடியாதா?

முடியாது. இந்த இடத்தில் கம்பெனிப் பையன் சொன்னது சரி. அந்த 1200 என்பது காற்றில் செல்லும் வேகத்தின் கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதிகபட்சம் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. கூட்டினால் 1,167. விளம்பரத் துறை அதை 1200 ஆக்கிக்கொண்டது. பெட்டியின் பின்புறம் இன்டர்நெட் கேபிள் நுழையும் துளை எத்தனை மெகாபிட் தாங்கும் என்பது அட்டைப்பெட்டியின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும்: 10/100. அதாவது 1995இல் தர நிர்ணயம் செய்யப்பட்ட ஃபாஸ்ட் ஈதர்நெட். ஆறு வழிச் சாலையைப் போட்டுவிட்டு, ஊர் எல்லையில் ஒரே ஒரு சுங்கச்சாவடியைத் திறந்து வைத்த கதை.

தயாரிப்பாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையின்படி விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட். அந்த அளவுகோல் 2 மெகாபிட் ஆனதே 2023இல்தான். நூறு மெகாபிட் துளை என்பது நீண்ட காலத்துக்கு இந்திய வீடுகளுக்குக் கடல் போல இருந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் தன் ஆரம்பத் திட்டத்தையே 100 மெகாபிட்டில் தொடங்கிய பிறகுதான் கடல் குளமாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் நூறு மெகாபிட் துளைகளோடு ரௌட்டர்கள் விற்றுக்கொண்டிருந்தன என்பதுதான் வருத்தம்.

சோதனையில் வரும் 94 என்ற எண்ணே நோயின் கையெழுத்து. ஈதர்நெட் கம்பியில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலமும் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் போக உண்மையான சரக்கு 1,460 பைட்டைத் தாண்டுவதில்லை. நூறில் ஐந்தாறு பங்கு கட்டுமானச் செலவுக்குப் போய்விடுகிறது. எனவே எத்தனை முறை சோதித்தாலும் அளவு 93, 94, 95 என்று அங்கேயே நின்றால், வழியில் எங்கோ ஒரு நூறு மெகாபிட் கதவு இருக்கிறது என்று பொருள். 40, 70, 55 என்று தாவித் தாவி வந்தால் குற்றவாளி வேறு. பெரும்பாலும் வை-ஃபை.

அந்தக் கதவு ரௌட்டரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஈதர்நெட் கேபிளில் எட்டுக் கம்பிகள். நூறு மெகாபிட்டுக்கு அவற்றில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அடுக்குமாடிகளில் கேபிள் இழுக்கும் ஆட்கள் நான்கு கம்பிகளை மட்டும் முனையில் அழுத்திவிட்டுப் போவது உண்டு. மீதி நான்கில் பக்கத்து வீட்டு இணைப்பையே ஓட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு. அந்த மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இரு முனைக் கருவிகளும் பேசிவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ரௌட்டரில் கிகாபிட் துளையே இருந்தும் 94 வருகிறதென்றால், கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேபிள் சரி, ரௌட்டர்தான் தடை என்று தீர்மானமான பிறகு கதை யு.எஸ்.பி. துளைக்கு வருகிறது. பழைய ரௌட்டர்கள் பலவற்றில் இந்தத் துளை உண்டு. பென் டிரைவைச் செருகிப் படம் பார்க்க, பிரின்டரைப் பகிர்ந்துகொள்ள, சில மாடல்களில் அந்தக் காலத்து டேட்டா கார்டைச் செருகி வீடு முழுக்க இன்டர்நெட் பரப்ப என்று வைத்தது. டேட்டா கார்டுகள் மறைந்தன, பிரின்டர்களே வை-ஃபைக்கு மாறிவிட்டன. துளை மட்டும் தூசியோடு காத்திருக்கிறது.

அதில் யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்றைச் செருகுவதுதான் யோசனை. கட்டைவிரல் அளவு, ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் கிகாபிட் ஈதர்நெட் துளை. லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப்புகளுக்காக வந்தது. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் நூறு மெகாபிட் துளையிலிருந்து உருவி, இந்த அடாப்டரில் செருகினால், சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு புதிய வாசல் திறந்துவிடுகிறது.

எவ்வளவு அகலமான வாசல்? இங்கேதான் கணக்கு வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 தரத்தின் வேகம் ஏட்டளவில் 480 மெகாபிட். நடைமுறையில் முந்நூறைச் சுற்றித்தான் தேறும். இதற்கு நல்ல சாட்சி ராஸ்பெரி பை என்ற சிறிய கம்ப்யூட்டர். 2018 மார்ச்சில் வெளிவந்த அதன் 3 பி பிளஸ் மாடலில் கிகாபிட் ஈதர்நெட் இருந்தது, ஆனால் உள்ளே அது யு.எஸ்.பி. 2.0 வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. தயாரித்தவர்களே, மறைக்காமல், அதிகபட்சம் 300 மெகாபிட் என்று அறிவித்தார்கள். போதாக்குறைக்கு யு.எஸ்.பி. 2.0 ஒற்றைவழிப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக்குவரத்து. மகள் வீடியோவை மேலேற்றிக்கொண்டிருக்கும்போது மகன் கேம் இறக்கினால், இருவருக்கும் சேர்த்துத்தான் அந்த முந்நூறு.

அந்த முந்நூறையும் ரௌட்டரின் மூளை அனுமதிக்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50. 1200 என்று போட்டு விற்ற வகை. அதன் முதல் பதிப்பில் யு.எஸ்.பி. 2.0 துளை இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் அது காணாமல் போனது. உள்ளே 580 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒற்றைச் சில்லு, 64 மெகாபைட் நினைவகம். வழக்கமான ஈதர்நெட் துளைகளுக்குச் சில்லுக்குள்ளேயே சில குறுக்கு வழிகள் உண்டு. யு.எஸ்.பி. வழியாக வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் மூளையே கையில் வாங்கி, முகவரியை மாற்றி எழுதி, உள்ளே அனுப்ப வேண்டும். பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் பி.பி.பி.ஓ.இ. வகை இணைப்பு என்றால் பிரித்துக் கட்டும் வேலை இன்னும் ஒரு படி கூடும். ஆக, இந்த ரகப் பெட்டிகளில் வேகம் நூறைத் தாண்டும், முந்நூறைத் தொடாது என்று எதிர்பார்ப்பதே நியாயம். இரண்டு மூளைகளும் யு.எஸ்.பி. 3.0 துளையும் உள்ள ரௌட்டர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கிகாபிட் துளைகளே இருக்கும், அடாப்டருக்கு வேலையே இல்லை.

அடாப்டரைச் செருகினால் மட்டும் எதுவும் நடக்காது என்பது அடுத்த விஷயம். தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருளுக்குப் பென் டிரைவ் தெரியும், லேன் அடாப்டர் தெரியாது. ரௌட்டரின் மென்பொருளையே மாற்ற வேண்டும். இதற்கு இருப்பதுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருள்.

அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 2002 டிசம்பரில் விற்பனைக்கு வந்த லின்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீல, கறுப்பு ரௌட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை வைத்துப் பொருள் விற்றால் அதன் மூலநிரலையும் வெளியிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. 2003இல் நிறுவனம் வெளியிட்டது. 2004 ஜனவரியில் அதை அடிப்படையாக வைத்து ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம் தொடங்கியது. பெயரில் அந்தப் பழைய மாடலின் மூன்று எழுத்துகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மாற்றுவதில் ஆபத்து உண்டு. ஒரே மாடல் பெயரில் நான்கைந்து பதிப்புகள் வரும். உள்ளே சில்லு வேறு, நினைவகம் வேறு. சரியான பதிப்பு எண் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி மென்பொருளை ஏற்றினால் ரௌட்டர் செங்கல்லாகிவிடும். இந்த வட்டாரத்தில் அதற்கு அந்தப் பெயரே வழக்கம். 4 மெகாபைட் சேமிப்பு, 32 மெகாபைட் நினைவகம் உள்ள மிகப் பழைய பெட்டிகள் இந்த ஆட்டத்திலேயே இல்லை. 8, 64 என்பது இன்றைய பதிப்புகளுக்கு இறுக்கமான சட்டை. போட்டுக்கொள்ளலாம், கையைத் தூக்கக் கூடாது. இன்னொன்று: சில சில்லுகளுக்கு, குறிப்பாக பிராட்காம் வகைக்கு, திறந்த டிரைவர்கள் சரியில்லை. மென்பொருளை மாற்றியதும் வை-ஃபை முன்பைவிட மந்தமாகிவிடும். வேகத்தைத் தேடிப் போய் வேகத்தை இழந்த கதையாகும்.

இவ்வளவையும் கடந்தவர்களுக்கு மீதி வேலை அரை மணி நேரம். ஆனால் வரிசை முக்கியம். புதிய மென்பொருள் ஏறியதும் இன்டர்நெட் கேபிள் பழைய துளையிலேயே இருக்கட்டும். அடாப்டருக்கான டிரைவரை இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். அவசரப்பட்டுக் கேபிளை அடாப்டருக்கு மாற்றிவிட்டால் டிரைவர் இல்லாததால் இன்டர்நெட் இல்லை, இன்டர்நெட் இல்லாததால் டிரைவர் இல்லை. ரியல்டெக் 8153 சில்லு உள்ள அடாப்டருக்கு 8152 என்ற எண்ணோடு வரும் டிரைவர். ஏசிக்ஸ் 88179 சில்லுக்கு அதே எண்ணில் தனி டிரைவர். ஏற்றி, அடாப்டரைச் செருகியதும் அது ஈதர்நெட் 1 போன்ற ஒரு புதிய பெயரில் பட்டியலில் தோன்றும். நெட்வொர்க் பக்கத்தில் 'வான்' என்ற வெளி இணைப்புக்கு உரிய கருவியாக அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ.பி. ஆறாம் பதிப்பு இணைப்பு தனியாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஃபயர்வால் பக்கத்தில் 'ஃப்ளோ ஆஃப்லோடிங்' என்றொரு கட்டம் இருக்கும். மூளையின் சுமையைக் கணிசமாகக் குறைக்கும் அதை 'டிக்' செய்ய மறக்கக் கூடாது. அதன் பிறகுதான் கேபிளை மாற்றுவது.

மாற்றிய பிறகும் இணைப்பு வரவில்லையா? உள்ளூர் கேபிள் நிறுவனங்கள் பல, வாடிக்கையாளரின் கருவிக்குரிய மேக் முகவரியைப் பதிந்துவைத்து, வேறு கருவி வந்தால் கதவைச் சாத்திவிடும். அடாப்டர் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஆள். பழைய துளையின் மேக் முகவரியை அடாப்டருக்கு எழுதிக் கொடுத்தால் போதும். இல்லையென்றால் மறுபடி அந்தப் பெண்ணுக்குப் போன்.

அடாப்டர் வாங்குவதிலும் கவனம் தேவை. யு.எஸ்.பி. 3.0 என்று நீல நிறத்தில் இருப்பதாலேயே அது கிகாபிட் அடாப்டர் ஆகிவிடாது. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பலவற்றின் ஈதர்நெட் பக்கம் வெறும் நூறு. அதைச் செருகுவது ஒரு சுங்கச்சாவடியை மூடிவிட்டு அதே அளவில் இன்னொன்றைக் கட்டுவது. மின்சாரமும் ஒரு கேள்வி. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது விதி. தொய்ந்துபோன பழைய பவர் அடாப்டர் அதைத் தாங்காமல் ரௌட்டர் இரவில் தானாக நின்று எழுந்தால் ஆச்சரியமில்லை. கிகாபிட் அடாப்டர்கள் சூடாகும். மே மாதத்தில் டி.வி.க்குப் பின்னால் மூடிய அலமாரியில் வைக்கத் தக்கவை அல்ல. யு.எஸ்.பி. 3.0 துளை உள்ள பெட்டியென்றால் இன்னொரு தொந்தரவு: அந்தத் தரத்தின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு முழம் நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வைப்பது நல்லது.

எல்லாம் கூடி வந்தால் யாருக்கு லாபம்? கேபிள் வழியாக ஒரே ஒரு கம்ப்யூட்டரை இணைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. ரௌட்டரின் மற்றத் துளைகளும் நூறுதான். உள்ளே முந்நூறு வந்தாலும் அவருக்குப் போவது 94. லாபம் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் இருப்பவர்களுக்கும், ஒரே நேரத்தில் நான்கு பேர் இழுக்கும் வீட்டுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள பெட்டி என்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரௌட்டர்கள் அந்த மூன்றில் முட்டி மோதுகின்றன. வாசலை அகலமாக்கியும் கூடத்தில் நிற்க இடமில்லை. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் தேவையில்லை என்று 2018இல்தான் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் இங்கே விற்ற பல பெட்டிகளில் அந்த வசதியே கிடையாது.

திட்டமே 100 மெகாபிட் அல்லது அதற்குக் கீழ் என்றால், ஏராளமான வீடுகளில் நிலைமை அதுதான், அடாப்டரால் ஒரு மெகாபிட் கூடக் கூடாது. ரௌட்டரை அலமாரியிலிருந்து கூடத்தின் நடுவுக்கு நகர்த்துவது அதைவிடப் பலன் தரும். செலவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேகத்துக்காக மென்பொருளை மாற்றப் போனவருக்கு, கேட்காமலே கிடைக்கும் வரவு பாதுகாப்பு. தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களைச் சில ஆண்டுகளில் கைகழுவிவிடுகிறார்கள். ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 மே மாதத்தில் அப்படிக் கைவிடப்பட்ட ரௌட்டர் மாடல்களின் பட்டியலையே வெளியிட்டு, குற்றவாளிகள் அவற்றைக் கைப்பற்றித் தங்கள் முகத்தை மறைக்கும் முகமூடியாக வாடகைக்கு விடுவதாக எச்சரித்தது. நமக்கும் அனுபவம் உண்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு நாச மென்பொருள் தாக்கியது. சுமார் 60,000 மோடம்கள் முடங்கியதாகச் செய்திகள் வந்தன. உள்ளே புகுந்த வழி, வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாத பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மாற்றுமாறு நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுக்குமாடி வீட்டு அப்பாவின் பெட்டி இன்றும் தயாரிப்பாளரின் கடைசி மென்பொருளோடு ஓடிக்கொண்டிருந்தால், 94 அவருடைய இரண்டாவது கவலையாக இருக்க வேண்டும்.

அதற்காக எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டும் என்பதில்லை. கிகாபிட் துளைகளோடு புதிய ரௌட்டர் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய் அடாப்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்து பாதி வேகம் பெறுவதா, இரண்டாயிரம் கொடுத்து முழு வேகம் பெறுவதா என்றால் இரண்டாவதே விவேகம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகளுக்குத் திங்கட்கிழமை காலை இன்டர்வியூ என்றால், ஞாயிறு இரவு ரௌட்டரின் மென்பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் யோசனை, வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும், யு.எஸ்.பி. அடாப்டர் ஏற்கெனவே மேஜை இழுப்பறையில் கிடப்பவர்களுக்கும்.

புதியதை வாங்கியவர்கள் பழையதை காயலான் கடைக்குப் போடாமல் இருப்பது நல்லது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. அதைவிட எளிது, பாஸ்வேர்டை மாற்றி, ஐ.பி. முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, புதிய ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதைக் கோடி அறைக்கு வை-ஃபை கொடுக்க வைப்பது. தாத்தா செய்தி பார்க்க 94 தாராளம். அந்த அடாப்டரை வாங்கியாயிற்று என்றால் அது மகளின் லேப்டாப் பைக்குப் போகலாம். இன்டர்வியூ நாளன்று வை-ஃபையை நம்பாமல் நேராகக் கேபிளில் உட்கார அது உதவும்.